பள்ளிக்குப் போகும் பணம் பிள்ளையிடம் போய்ச் சேர்கிறதா?

உள்ளாட்சி அமைப்புகளின் கணக்குகளைத் தணிக்கை செய்வது என் தொழில். பள்ளிகள் நடத்தும் ஓர் உள்ளாட்சியின் கணக்கைத் திறந்தால் கேட்டதெல்லாம் கிடைக்கும். சம்பளம் எவ்வளவு, மின்கட்டணம் எவ்வளவு, எந்த ஒப்பந்ததாரருக்கு எந்தத் தேதியில் பணம் போனது என்று எல்லாவற்றுக்கும் பட்டியல் உண்டு, கையெழுத்து உண்டு. குறிப்பிட்ட ஒரு பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஓராண்டில் எவ்வளவு செலவாகிறது என்று கேட்டால்தான் தயங்குவார்கள். கொஞ்சம் வற்புறுத்தினால் மொத்தச் செலவை மொத்த மாணவர் எண்ணிக்கையால் வகுத்து ஒரு சராசரியைக் கொடுப்பார்கள்.

அந்தச் சராசரியை நம்பிவிடாதீர்கள். கட்டடம் கட்ட வாங்கிய கடனின் வட்டி பல இடங்களில் வேறு தலைப்பில் கிடக்கும். ஆசிரியர்களுக்குப் பின்னாளில் தரவேண்டிய ஓய்வூதியம் இந்த ஆண்டுச் செலவில் ஏறியே இருக்காது. தலைமை அலுவலகச் செலவு பொது நிர்வாகத்தோடு கலந்திருக்கும். வகுக்கும் எண்ணிலும் சிக்கல் உண்டு. பதிவேட்டில் இருக்கும் பெயர்களையெல்லாம் எண்ணுவார்கள், வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களை எண்ணுவதில்லை. மேலே இருக்கவேண்டிய தொகை குறைந்து, கீழே இருக்கும் எண்ணிக்கை கூடினால், பிள்ளைக்கு ஆகும் செலவு மலிவாகத் தெரியத்தானே செய்யும்?

இதில் யாரும் திருடவில்லை. தணிக்கை என்றாலே ஊழல் என்று நினைப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். விதிப்படி டெண்டர் விட்டு, விதிப்படி வாங்கி, விதிப்படி வீணாக்கிய பணத்தைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். நிதியாண்டின் கடைசி மாதத்தில் வந்து குவியும் பட்டியல்களே இதற்குச் சாட்சி. ஒதுக்கிய பணத்தைச் செலவழிக்காவிட்டால் அது திரும்பிப் போய்விடும். அடுத்த ஆண்டு ஒதுக்கீடும் குறையும். சிக்கனமாக இருந்த பள்ளிக்குக் கிடைக்கும் பரிசு அதுதான். அதனால் நூலகத்துக்குப் புத்தகம் வாங்க ஆண்டு முழுவதும் யோசித்தவர்கள் கடைசி இரண்டு வாரத்தில் நாற்காலிகளாக வாங்கித் தள்ளுவார்கள். புதிய கட்டடம் என்றால் திறப்பு விழா உண்டு. ஒழுகும் கூரையைச் சரிசெய்ததற்கு யார் விழா எடுப்பார்கள்? பராமரிப்புக்கான தலைப்பில் ஆண்டுதோறும் பணம் குறைவாக இருப்பதன் காரணம் பெரும்பாலும் இவ்வளவுதான்.

இந்தச் சிக்கலின் வேர் பணம் போகும் வழியில் இருக்கிறது. வரி கட்டுபவர் ஒருவர், செலவை முடிவு செய்பவர் இன்னொருவர், பள்ளிக்குப் போகும் பிள்ளை மூன்றாமவர். பிள்ளைக்குப் பள்ளி பிடிக்காமல் போனாலும் பணம் அங்கேயே வந்துகொண்டிருக்கும். மாணவர்கள் பாதியாகக் குறைந்த பள்ளியில்கூடப் பணியிடங்கள் அப்படியே தொடர்வதைப் பார்க்கலாம். மொத்தச் செலவு மாறாததால் மன்றக் கூட்டத்தில் யார் கண்ணிலும் படாது. தலைக்கு ஆகும் செலவு மட்டும் சத்தமில்லாமல் இரட்டிப்பாகியிருக்கும்.

1955-இல் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் இரண்டு விஷயங்களைப் பிரித்துக் காட்டினார். பள்ளிச் செலவை அரசு ஏற்பது ஒன்று, பள்ளியை அரசே நடத்துவது இன்னொன்று. முதலாவதற்கு நியாயம் உண்டு. அதை வைத்து இரண்டாவதும் வேண்டும் என்று முடிவுகட்ட முடியாது என்பது அவர் வாதம். பணத்தைப் பள்ளிக்குக் கொடுக்காமல் பெற்றோர் கையில் வவுச்சராகக் கொடுக்கலாம், அவர்கள் தேர்ந்தெடுக்கும் பள்ளிக்கு அது போகட்டும் என்றார். தணிக்கையாளனாக எனக்கு இந்த யோசனை பிடித்துப்போனதற்குக் கொள்கைப் பற்று முதல் காரணமல்ல. இந்த முறை வந்தால் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு என்ற தொகையை யாரும் மறைக்க முடியாது.

பணம் கொட்டினால் போதும் என்பவர்கள் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி கதையைப் படிக்க வேண்டும். இனப் பிரிவினையை நீக்குவதற்கான வழக்கில் 1985 முதல் நீதிமன்ற உத்தரவுகளின் பேரில் அந்த நகரப் பள்ளிகளுக்கு ஏறத்தாழ 200 கோடி டாலர் கூடுதலாகச் செலவிடப்பட்டது. சொத்து வரியும் உயர்ந்தது. ஒலிம்பிக் அளவில் நீச்சல் குளம், கோளரங்கம், ரோபோ ஆய்வகம் எல்லாம் வந்தன. சுமார் 13 மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்ற நிலையும் வந்தது. மதிப்பெண்கள் ஏறவில்லை. 2000-இல் அந்த நகரப் பள்ளிகளை நடத்தும் அமைப்பான பள்ளி மாவட்டம் அங்கீகாரத்தையே இழந்தது.

ஆனால் சந்தைப் பொருளாதாரம் பேசும் என் நண்பர்கள் இந்த ஒரு கதையை வைத்துக்கொண்டு பணத்தால் பயனே இல்லை என்று சொல்லும்போது என்னால் தலையாட்ட முடிவதில்லை. அமெரிக்காவில் நீதிமன்றத் தீர்ப்புகளால் நிதி உயர்ந்த பள்ளி மாவட்டங்களைப் பற்றி 2016-இல் வெளியான ஓர் ஆய்வு வேறுமாதிரிச் சொல்கிறது. பன்னிரண்டு ஆண்டுப் படிப்பு முழுவதும் 10 சதவீதம் கூடுதல் செலவு கிடைத்த ஏழைப் பிள்ளைகள் சராசரியாக அரை ஆண்டுக்குச் சற்றுக் குறைவாகக் கூடுதலாகப் படித்தார்கள். வளர்ந்த பின் கூடுதலாகவும் சம்பாதித்தார்கள். அங்கே பணம் ஆசிரியர் சம்பளத்துக்கும், சிறிய வகுப்புகளுக்கும், நீண்ட பள்ளி ஆண்டுக்கும் போயிருந்தது. தொகையை மட்டும் பார்த்துவிட்டு, அது எந்தத் தலைப்பில் செலவானது என்று பார்க்காமல் வாதாடுவது இரு தரப்புக்கும் பழகிப்போய்விட்டது.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வந்தால் பணக்காரர்களுக்குத்தான் லாபம் என்று ஒரு எதிர்வாதம் உண்டு. பணக்காரர்களிடம் அந்த உரிமை ஏற்கெனவே இருக்கிறது. வசிக்கும் இடத்தை வைத்துப் பள்ளி ஒதுக்கும் ஊர்களில் நல்ல பள்ளியின் எல்லைக்குள் வீடு வாங்கிவிடுகிறார்கள், அவ்வளவுதான். பொருளாதார அறிஞர் சார்லஸ் டீபோ 1956-இலேயே இதைக் கோட்பாடாக எழுதினார்: பிடித்த உள்ளாட்சியை நோக்கி மக்கள் குடிபெயர்வார்கள் என்று. அமெரிக்காவின் பாஸ்டன் புறநகர்களில் பள்ளி எல்லைக் கோட்டின் இருபுறமும் உள்ள வீடுகளை ஒப்பிட்டு 1999-இல் ஓர் ஆய்வு வந்தது. தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் உயர்ந்த பள்ளிக்காகப் பெற்றோர் வீட்டு விலையில் சுமார் 2.5 சதவீதம் கூடுதலாகக் கொடுத்தார்கள். இலவசப் பள்ளிக்கு வீட்டு விலையில் கட்டணம் வசூலாகிறது. வாடகை வீட்டில் இருப்பவர்கள் மிஞ்சிய பள்ளிக்குப் போகிறார்கள்.

சரி, வவுச்சர் கொடுத்தால் எல்லாம் தீர்ந்துவிடுமா? சிலியைப் பாருங்கள். 1981-இல் பிள்ளையின் பின்னால் பணம் போகும் முறை அங்கே வந்தது. அரசுப் பள்ளிகள் நகராட்சிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. 1990-களில் மானியம் பெறும் பள்ளிகள் பெற்றோரிடம் மேற்கொண்டு கட்டணமும் வாங்கலாம் என்ற நிலை வந்ததும், வசதிக்கு ஏற்றபடி பிள்ளைகள் பிரிந்துபோனார்கள். பள்ளிகளும் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்தன. 2008-இல் ஏழைப் பிள்ளைகளுக்குக் கூடுதல் மானியம் கொடுத்துக் கொஞ்சம் சரிசெய்தார்கள். 2015-இல் சட்டம் போட்டு, மானியம் வாங்கும் பள்ளிகளில் கூடுதல் கட்டணத்தையும் பொறுக்கி எடுப்பதையும் லாப நோக்கத்தையும் நீக்கத் தொடங்கினார்கள். 1992-இல் இதே வழியில் இறங்கிய ஸ்வீடன் சில ஆண்டுகளிலேயே மேற்கொண்டு கட்டணம் வாங்குவதைத் தடைசெய்தது. ஆனால் 2013-இல் பெரிய பள்ளி நிறுவனம் ஒன்று திவாலாகி, ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பள்ளி தேடி அலைந்தார்கள். ஆகவே என் தொழில் எனக்குச் சொல்வது: மேற்கட்டணம் கூடாது, சேர்க்கையில் வடிகட்டல் கூடாது, ஏழைப் பிள்ளையின் பின்னால் கூடுதல் பணம் போக வேண்டும், பள்ளி நடத்துபவரின் கணக்கு ஆண்டுதோறும் பொதுவில் வர வேண்டும். கடைசி நிபந்தனை இல்லாத வவுச்சர் திட்டத்தை நான் ஆதரிக்க மாட்டேன்.

இன்னொரு சிக்கல் உண்டு. சுற்றுவட்டாரத்தில் ஒரே ஒரு பள்ளிதான் இருக்கிறது என்றால் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது? அங்கே வவுச்சர் வெறும் காகிதம். அத்தகைய இடங்களுக்கு இங்கிலாந்தின் 1988 கல்விச் சட்டம் செய்ததை நான் பரிந்துரைப்பேன். பள்ளி நிதியின் பெரும்பகுதியை உள்ளாட்சி அலுவலகத்திடமிருந்து எடுத்து, பெரும்பாலும் மாணவர் எண்ணிக்கையைக் கொண்டு கணக்கிட்டு, நேராகப் பள்ளிகளின் கையில் கொடுத்தார்கள். மிச்சம் பிடித்த பணத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் பள்ளிக்கு அனுமதி கிடைத்தால், கடைசி மாத நாற்காலிகள் தானாகக் குறையும். இதற்குப் புதிய சட்டம்கூட எல்லா இடத்திலும் தேவைப்படாது. பல உள்ளாட்சிகளில் ஒரு மன்றத் தீர்மானமே போதும். வரவு செலவுக் கூட்டத்துக்கு முன் உங்கள் உறுப்பினரிடம் பள்ளிவாரியாக மூன்று எண்கள் கேளுங்கள்: அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள், உண்மையான வருகை, கடன் வட்டியும் ஓய்வூதியமும் சேர்ந்த முழுச் செலவு. கணக்குப் பிரிவு மனம் வைத்தால் அந்த அட்டவணையை ஒரே வாரத்தில் தயாரித்துவிடலாம்.