டிஃபிராக்: இதுக்குத் தமிழ்ல என்ன, விஎம் ஹோஸ்ட்ல போடலாமா?

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் சர்வர் பாத்துக்கிற பசங்களுக்கு தோட்டத்து ஆபீஸும் செம்பனை ஆலையும்தான் பெரிய கஸ்டமர், அங்க செக்ரோல் (தொழிலாளிங்க வருகை, சம்பளக் கணக்கு) சிஸ்டம் கொஞ்சம் ஸ்லோ ஆச்சுன்னா போதும், கிராணி (ஆபீஸ் கிளார்க்) உடனே "டிஃபிராக் போட்டியா தம்பி"ன்னு கேப்பாரு. டிஃபிராக்னா டிஸ்க்ல சிதறிக் கெடக்குற ஃபைல் பகுதிங்கள ஒண்ணா அடுக்குறது. இப்ப அந்த ஆபீஸ்லயும் ஒரே சர்வர்ல மூணு நாலு விஎம், அதாவது சாஃப்ட்வேர்லயே உருவாக்குன கம்ப்யூட்டர், ஓடுது, அத தாங்குற நிஜ சர்வர்தான் ஹோஸ்ட், அதனால இந்த வார்த்தைய சரியா புரிஞ்சிக்கிறது அவசியம்.

லத்தீன்ல ஃபிராங்கெரேன்னா உடைக்கிறது, அதுலேர்ந்து வந்ததுதான் ஃபிராக்மென்ட், உடைஞ்ச துண்டு. ஆஸ்பத்திரில சொல்ற ஃபிராக்சருக்கும் அதே வேர்தான். முன்னால 'டி' வந்தா அந்த நிலைய நீக்குறதுன்னு அர்த்தம். ஆனா இங்க ஃபைல் எதுவும் உடைஞ்சு கெட்டுப்போகல, ஒரே ஃபைலோட பகுதிங்க டிஸ்க்ல அங்கங்க கெடக்கு, அவ்ளோதான். ரப்பர் பால் வெட்டுறவங்களுக்கு மரமெல்லாம் ஒரே நிரையில இருந்தா சட்டுன்னு முடியும், அதே மரங்க தோட்டம் பூரா பிரிஞ்சி இருந்தா நடக்கறதுலயே பொழுது போயிடும்ல, ஹார்ட் டிஸ்க்ல டேட்டா படிக்கிற தலைக்கும் அதே கதிதான். நிமிஷத்துக்கு 7200 சுத்து சுத்துற டிஸ்க்ல ஒரு சுத்துக்கு 8.3 மில்லிசெகண்ட், சராசரியா அரை சுத்து காத்திருக்கணும், தலை நகர்ற நேரம் தனி. அதனாலதான் 1993ல வந்த எம்எஸ்-டாஸ் 6லயே டிஃபிராக் கூடவே வந்துச்சு. எஸ்எஸ்டில (சிப்புல டேட்டா வைக்கிற டிஸ்க்) நகர்ற தலையே இல்ல, அங்க இந்த லாபமும் இல்ல, சும்மா எழுதி எழுதி அதோட ஆயுசுதான் குறையும்.

தமிழ்ல 'துணுக்கு நீக்கம்'னு சொன்னா எனக்கு ஒத்துக்க முடியல. அத படிக்கிற கிராணி துணுக்க அழிச்சிடுவாங்க, டேட்டா போயிடும்னுதான் நெனைப்பாரு, நெனைக்கிறதுல தப்பே இல்ல. போறது துண்டு இல்ல, சிதறிக் கெடக்குற நிலைமை. அதனால ஃபிராக்மென்டேஷனுக்கு சிதறல், டிஃபிராக்குக்கு 'சிதறல் நீக்கம்', இதுதான் சரியான சொல்னு நான் உறுதியா சொல்வேன்.

சரி, விஎம்முக்கு வருவோம். இங்க சிதறல் ரெண்டு அடுக்குல இருக்கு, விஎம் உள்ள இருக்கற விண்டோஸ் பாக்குறது ஒண்ணு, ஹோஸ்ட்ல அந்த விஎம்மோட டிஸ்க் ஃபைலே சிதறிக் கெடக்கறது இன்னொண்ணு. உள்ள இருக்கற விண்டோஸுக்கு நிஜ டிஸ்க் எங்க இருக்குன்னே தெரியாது, அது அடுக்கி வச்சது கீழ சேன் ஸ்டோரேஜ்ல (நெட்வொர்க்ல இருக்கற பொது டிஸ்க் பெட்டி) எங்க போய் விழும்னு யாரும் சொல்ல முடியாது. அதவிட மோசம், தின் டிஸ்க்கா (எழுத எழுத மட்டும் இடம் எடுக்கறது) இருந்தா இதுவரைக்கும் தொடாத இடத்துல எல்லாம் எழுதி வைக்கும், 100 ஜிபி டிஸ்க்ல 40 ஜிபிதான் டேட்டா இருந்தாலும் ஹோஸ்ட்ல ஃபைல் வீங்கிக்கிட்டே 100 வரைக்கும் போகலாம். ஸ்னாப்ஷாட் (விஎம்மோட ஒரு நேரத்து நிலைய பிடிச்சு வைக்கறது) இருந்தா நகத்துன ஒவ்வொரு பிளாக்கும் மாற்றத்த மட்டும் வைக்கிற டெல்டா ஃபைல்ல ஏறும், அன்னிக்கு ராத்திரி இன்கிரிமென்டல் பேக்கப்பும் அத எல்லாம் மாறுன டேட்டான்னு அள்ளிட்டுப் போகும். சம்பள வாரத்துல ஸ்டோரேஜ் ரொம்பி விஎம் நின்னா தோட்டமே காத்திருக்கும், தயவுசெஞ்சு விஎம் உள்ள டிஃபிராக் ஷெட்யூல் ஓடுதான்னு இன்னிக்கே பாருங்க.

ஹோஸ்ட் பக்கம் விஎம் ஓட்டுற சாஃப்ட்வேர் விஎம்வேர்னா கேள்விக்கே இடமில்ல, அதோட ஃபைல் சிஸ்டமான விஎம்எஃப்எஸ்ஸுக்கு அப்படி ஒரு வேலை தேவைப்படல, அதுல பிளாக்கே 1 எம்பி. மைக்ரோசாஃப்ட்டோட ஹைப்பர்-வி, அதுவும் சொந்த ஹார்ட் டிஸ்க்ல விண்டோஸோட ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ், மேல நாலு டைனமிக் விஹெச்டிஎக்ஸ் (தேவைக்கு வளர்ற விஎம் டிஸ்க் ஃபைல்), அங்கதான் நெஜமான சிதறல் வரும், ஏன்னா ஒவ்வொண்ணும் 32 எம்பி 32 எம்பியா மாத்தி மாத்தி வளருது. அப்பவும் பெருசா பயப்பட வேணாம், வினாடிக்கு 150 எம்பி படிக்கிற டிஸ்க்குக்கு 32 எம்பி படிக்கவே 200 மில்லிசெகண்டுக்கு மேல ஆகும், நடுவுல ஒரு பத்து மில்லிசெகண்ட் தாவல் வந்தா பெரிய நஷ்டம் இல்ல. விண்டோஸ் டிஃபிராக்கே 64 எம்பிக்கு மேல இருக்கற துண்ட கண்டுக்காது. அதையும் மீறி ரொம்ப சிதறி இருந்தா பேக்கப் எடுத்து, ஸ்னாப்ஷாட் எல்லாம் மெர்ஜ் பண்ணி, விஎம்ம ஆஃப் பண்ணிட்டு ஹோஸ்ட்ல ஒரு தடவ போடலாம். புதுசா ஹார்ட் டிஸ்க்ல செட்டப் பண்றவங்க ஃபிக்ஸட் சைஸ் விஹெச்டிஎக்ஸ்ஸா ஆரம்பத்துலயே பண்ணிடுங்க, இடம் மொத்தமும் அப்பவே ஒதுக்கிடறதால ஃபைல் வளரவும் வளராது, அதுக்கப்புறம் சிதறவும் சிதறாது.