வாளுக்குள் பூட்டிய கரி

“சேலம் பக்கத்துக் கஞ்சமலை இரும்புக்கு 250 கோடி வயது என்கிறார்கள். அந்த இரும்பில் அடித்த வாளுக்கு மட்டும் மூவாயிரத்துச் சொச்சம் ஆண்டுதான் என்று தொல்லியல்காரர்கள் சொல்வது எப்படி? எதையோ மறைக்கிறார்களா?” இளம்பிள்ளையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். லட்சம் ஆண்டுக்கு முன்பே இங்கே சித்தர்கள் எஃகு உருக்கினார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி ஒன்றையும், ஒரு வாளின் படத்தோடு அனுப்பியிருக்கிறார்.

பாறையின் வயது சரிதான். ஆனால் களிமண்ணின் வயதைப் பானையின் வயது என்று சொல்வோமா? இரும்பு எப்போது உலைக்குப் போனது என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் வாளுக்குள்ளேயே இருக்கிறது. எனக்கு இந்தச் சங்கதி எத்தனை முறை படித்தாலும் அலுக்காது.

மழை ஓய்ந்த மறுநாள், பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தைக் கஞ்சமலை அடிவார ஓடை மணலில் இழுத்துப் பாருங்கள். கறுப்பு மணல் முள்முள்ளாக எழுந்து ஒட்டிக்கொள்ளும். அது காந்தக்கல், அதாவது மேக்னடைட். அதில் இருப்பவை இரும்பும் ஆக்சிஜனும். கரிமம், அதாவது கார்பன், அதன் சேர்மானத்திலேயே கிடையாது.

கரிமம் வந்து சேருமிடம் உலை. அடுப்புக்கரி எரிந்து தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்குகிறது. அதே வேளையில் கொஞ்சம் கரிமம், பழுத்துச் சிவந்த இரும்பின் அணுக்களுக்கு இடையே புகுந்துவிடுகிறது. இரும்பு எஃகாவது இதனால்தான். அந்தக் கரியோ உயிரோடு நின்ற மரம். காற்றிலிருந்து கரிமத்தை எடுத்தபோது கரிமம்-14 என்ற கதிரியக்க வகையையும் சேர்த்தே எடுத்தது. வெட்டிய நாளோடு வரவு நின்றது, செலவு மட்டும் நடக்கிறது: 5,730 ஆண்டுக்கு ஒரு முறை பாதியாகும். இரும்பு ஆறி இறுகியதும் அந்தக் கணக்கு உள்ளே பூட்டிக்கொள்கிறது.

18, 19ஆம் நூற்றாண்டுகளில் இந்தப் பக்கம் வந்த ஆங்கிலேயர்கள் எஃகு செய்யும் முறையை எழுதி வைத்திருக்கிறார்கள். மூசை என்ற மண் உருக்குக் குடுவைக்குள் இரும்புத் துண்டு, காய்ந்த ஆவாரங்குச்சி, மேலே எருக்க இலை. வாயைக் களிமண்ணால் அடைத்துக் காய்ச்சுவார்கள். ரோட்டோரம் மஞ்சளாகப் பூக்குமே, அந்த ஆவாரைதான்! முதிர்ந்த மரத்தின் வைரத்தில் சில நூறாண்டுப் பழைய கரிமம் இருந்து வயதைக் கூட்டிக் காட்டலாம். குச்சியும் இலையும் அப்படி ஏமாற்றாது.

அளப்பது எப்படி? துருவை முழுக்கச் சுரண்டிவிட்டு, ஒரு துணுக்கை ஆக்சிஜனில் எரித்து, வரும் கரியமில வாயுவைக் கிராஃபைட்டாக மாற்றி, முடுக்கி என்ற, அணுக்களை வேகமாகச் செலுத்திப் பிரிக்கும் கருவியில் கரிமம்-14 அணுக்களை எண்ணுகிறார்கள். ஒரு மில்லிகிராம் கரிமம் போதும். நூற்றுக்கு ஒரு பங்கு கரிமமுள்ள எஃகில் கால் கிராம்கூடத் தேவையில்லை.

மேட்டூர் பக்கம் தெலுங்கனூர் ஈமக்காட்டில் கிடைத்த இருபுறமும் கூரான வாள், கரிமம் அதிகமுள்ள எஃகு. இந்தக் கரிமம்-14 கணிப்பு அதை பொ.ஆ.மு. (கி.மு.) 1435க்கும் 1233க்கும் இடையே வைக்கிறது. மூவாயிரத்து இருநூறு ஆண்டுக்கு முன் நம் ஊர்க் கொல்லர் கை இப்படிப் பழகியிருந்தது என்பதே எனக்கு உடம்பு சிலிர்க்கும் சேதி. இதற்கு மேல் லட்சத்தைக் கூட்டிச் சொல்வது அந்தக் கொல்லரை அவமதிப்பதாகவே படுகிறது.

இன்னொன்று. லாரிப் பட்டையில் அடித்த அரிவாளை இதே சோதனைக்கு அனுப்பினால் 50,000 ஆண்டுக்கும் மேல் என்று சீட்டு வரக்கூடும். ஊதுலையில் இப்போது எரிவது நிலக்கரியில் செய்த கோக். கோடிக்கணக்கான ஆண்டு மண்ணுக்குள் கிடந்ததில் கரிமம்-14 அத்தனையும் தீர்ந்துபோயிருக்கும். ஆகவே வெறும் ஆய்வகச் சீட்டை நீட்டி ‘பழைய வாள்’ விற்பவரிடம் ஏமாறாதீர்கள். கல்திட்டைகள் என்ற பழைய ஈமச்சின்னங்களை இரவோடு இரவாகத் தோண்டுபவர்கள் திருடுவது பொருளை மட்டுமல்ல, கூடக் கிடந்த பானை, எலும்பு, மண்ணடுக்கு என்று அத்தனை சாட்சியையும் கலைத்துவிடுகிறார்கள்.

டெல்லியிலும் அகமதாபாத்திலும் இந்த முடுக்கிகள் இருக்கின்றன. கீழடி மாதிரிகள் அமெரிக்கா வரை போய்வந்தன. நம் மாநிலத்துக்கென்று ஒன்று நிறுவ அரசு பணம் ஒதுக்க வேண்டும். மணிமண்டபங்களைவிட அது அவசரம்.

வாசகர் அனுப்பிய படத்தில் வாள் பளபளக்கிறது. எந்த ஊரில், எத்தனை அடி ஆழத்தில், எந்தப் பானைக்குப் பக்கத்தில் எடுத்தது என்று ஒரு வரிகூட இல்லை. வாசகரே, உங்களுக்கு அந்தப் படத்தை அனுப்பியவரிடம் அதைக் கேட்டுப் பாருங்கள்.