சரக்கொன்றையும் கருவண்டும்

ஏப்ரல், மே மாதங்களில் சென்னைத் தெருக்களில் காலை நடை போகிறவர்கள் சரக்கொன்றையைப் பார்க்காமல் தாண்ட முடியாது. இலையைப் பெரும்பாலும் உதிர்த்துவிட்டு, மரம் முழுக்க மஞ்சளாய்த் தொங்கும். (சங்கப் பாடல்களில் கொன்றை கார்காலத்துப் பூ. நம் தெரு மரத்துக்குச் சித்திரையிலேயே அவசரம்.)

கைக்கெட்டும் கொத்து ஒன்று கிடைத்தால் ஒரு பூவை உற்றுப் பாருங்கள். இதழ் ஐந்து, மகரந்தத்தாள் பத்து. ஆனால் பத்தும் ஒரே மாதிரி இருக்காது. மூன்று நீளமானவை, தூண்டில் முள்போல வளைந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நான்கு குட்டை, நேராக நடுவில் நிற்கும். மிச்சம் மூன்றும் பெயருக்குத்தான்.

இந்தப் பூவில் தேன் கிடையாது. வருகிற வண்டுக்குக் கொடுக்க மகரந்தம் மட்டுமே உண்டு. அத்தனையையும் வண்டே எடுத்துக்கொண்டால் அடுத்த பூவுக்கு என்ன போய்ச் சேரும்? அதனால் நடுவில் உள்ள நான்கும் சாப்பாடு. நீண்ட மூன்றும் பூவின் சொந்த வேலைக்கு. ஒரே பூவில் இப்படி வேலைப் பிரிவினை இருக்கலாம் என்று 1880களிலேயே ஜெர்மன் இயற்கையியலாளர்களான ஹெர்மன் முல்லர், ஃபிரிட்ஸ் முல்லர் சகோதரர்கள் எழுதினார்கள்.

சாப்பாடும் சும்மா கிடைக்காது. குட்டை மகரந்தப்பைகளில் சின்னத் துளைதான் வாசல். பெரிய கருவண்டு (மரத்தைத் துளைத்துக் கூடு கட்டுமே, அதுதான்) பூவைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். சிறகை அடிக்காமல், பறப்பதற்கான தசைகளை மட்டும் அதிரவிடும். உப்பு டப்பாவைக் குலுக்கினாற்போல மகரந்தம் துளை வழியாகக் கொட்டும். அந்த நேரத்தில் நீண்ட தாள்கள் வண்டின் உடம்பில், கால் எளிதில் எட்டாத இடத்தில், தம் பங்கைப் பூசிவிடும். அடுத்த பூவின் சூல்முடிக்குப் போவது அதுதான்.

மரத்தடியில் நின்றால் இது காதிலும் விழும். பறக்கும்போது தாழ்வாக இருக்கும் ரீங்காரம், பூவைப் பிடித்ததும் சட்டென்று ஒரு சுருதி ஏறும். தேனீயால் இப்படி அதிரவைக்க முடியாது. அது வந்தாலும் சிந்தியதைப் பொறுக்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

கத்தரியும் தக்காளியும்கூட இந்த வகைதான். மொட்டைமாடித் தொட்டியில் கத்தரிப் பூ விரிந்திருந்தால், பள்ளி ஆய்வகத்தில் பார்த்த இசைக்கவையைத் தட்டி, பூவின் நடுவிலுள்ள மஞ்சள் கூம்பில் மெல்லத் தொட்டுப் பாருங்கள். கீழே ஒரு கறுப்புக் காகிதம் பிடித்துக்கொண்டால் மகரந்தம் விழுவது தெரியும்.