700 கிலோமீட்டர் பக்கத்தில் ஒரு வால்வெள்ளி

2010 நவம்பர் 4, வியாழக்கிழமை. விடிந்தால் தீபாவளி. மாம்பலத்தில் நண்பன் வீட்டு மொட்டை மாடியில் ஐந்து பேர் ஒரு லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். தெருவில் பட்டாசு ஆரம்பித்துவிட்டது. இரவு 7.30 மணிக்கு நாசாவின் டீப் இம்பேக்ட் விண்கலம், ஹார்ட்லி 2 என்ற வால்வெள்ளியை 700 கிலோமீட்டர் பக்கத்தில் கடக்கப் போகிறது. சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குச் சாலை வழியாகப் போனால் ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான்.

முறுக்குத் தட்டோடு மேலே வந்த நண்பனின் பாட்டி விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, "ஏண்டா, அவ்ளோ தூரம் போயிட்டு ஒரு அரை மணி நேரம் நின்னு பாத்துட்டு வரக் கூடாதா?" என்றார். அன்று நான் சொன்ன பதில் அரைகுறை. முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

நிற்க முடியாததற்கு வேகம்தான் காரணம். விண்கலம் ஒரு பாதையில் சூரியனைச் சுற்றுகிறது, வால்வெள்ளி வேறொரு பாதையில். இரண்டும் ஒரு புள்ளியில் சந்திக்கும்போது ஒன்றைப் பொறுத்து மற்றொன்றின் வேகம் நொடிக்கு 12.3 கிலோமீட்டர். நம் மின்சார ரயிலுக்கு பீச்சிலிருந்து தாம்பரம் போக ஒரு மணி நேரம் ஆகும். அந்த வேகத்தில் மூன்று நொடிகூட ஆகாது. பக்கத்தில் நிற்க வேண்டுமென்றால் இந்த 12.3 கிலோமீட்டரையும் எரிபொருள் எரித்தே குறைக்க வேண்டும். பூமியின் பிடியிலிருந்து தப்பத் தேவையான வேகமே நொடிக்கு 11.2 கிலோமீட்டர்தான். அதாவது பூமியிலிருந்து கிளம்பத் தேவைப்பட்டதைப் போல இன்னொரு பெரிய ராக்கெட்டை கூடவே சுமந்து போயிருக்க வேண்டும். ரோசெட்டா விண்கலம் ஒரு வால்வெள்ளியோடு சேர்ந்தே பயணம் செய்தது உண்மைதான். ஆனால் அதற்காகத் தன் பாதையை வால்வெள்ளியின் பாதையோடு ஒத்துப்போகும்படி மெல்ல மாற்றிக்கொள்ள அது 2004-இலிருந்து 2014 வரை பத்து ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

சரி, நிற்க வேண்டாம். கடந்தாவது போகலாம் என்றால், அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று வருகிறது. வால்வெள்ளி எங்கே இருக்கிறது?

இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டிய ஒருவர் நம் ஊரிலேயே இருந்தார். நுங்கம்பாக்கத்தில் இன்று வானிலை ஆய்வு மையம் இருக்கும் இடத்தில்தான் அன்றைய மதராஸ் வானாய்வகம் இருந்தது. தமிழ்க் கல்வெட்டோடு கூடிய அதன் கருங்கல் தூண் இன்றும் அங்கே நிற்கிறது. 1872 நவம்பர் இறுதியில் அங்கிருந்த வானியலாளர் நார்மன் போக்சனுக்கு ஜெர்மனியின் கோட்டிங்கனிலிருந்து கிளிங்கர்ஃப்யூஸ் என்ற வானியலாளர் ஒரு தந்தி அடித்தார். பீலா வால்வெள்ளி 27-ஆம் தேதி பூமியைத் தொட்டுவிட்டது, சென்டாரஸ் விண்மீன் குழுவில் தீட்டா விண்மீன் அருகே தேடுங்கள் என்பது செய்தி. போக்சன் தேடினார், டிசம்பர் தொடக்கத்தில் ஒரு வால்வெள்ளியைக் கண்டும்பிடித்தார். அடுத்தடுத்த இரண்டு விடியற்காலைகள் பார்த்தார். அப்புறம் மேகம் மூடிக்கொண்டது. டிசம்பர் மாதத்துச் சென்னை வானம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா!

அந்த மேகம் பெரிய இழப்பு. வானில் ஒரு முறை பார்த்தால் திசை மட்டும்தான் கிடைக்கும், அதாவது இரண்டு எண்கள். ஒரு பாதையை வரைய ஆறு எண்கள் வேண்டும். ஆகவே குறைந்தது மூன்று முறை பார்க்க வேண்டும். போக்சனுக்குக் கிடைத்தது இரண்டு. அவர் பார்த்தது பீலா இல்லை என்று பிறகு கணக்கிட்டார்கள். அது எந்த வால்வெள்ளி என்பது இன்றுவரை தீராத புதிர்.

ஹார்ட்லி 2 அப்படி இல்லை. 1986-இல் ஆஸ்திரேலியாவில் மால்கம் ஹார்ட்லி கண்டுபிடித்ததிலிருந்து பலமுறை பார்த்த, ஆறரை ஆண்டுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றும் வால்வெள்ளி. ஆனாலும் அதன் பாதையை முழுதாக நம்ப முடியாது, ஏனென்றால் அது தன்னைத் தானே தள்ளிக்கொள்கிறது. சூரிய வெப்பத்தில் பனி வாயுவாகிப் பீறிட்டு வெளியேறும்போது வால்வெள்ளி எதிர்ப்பக்கமாக நகர்கிறது. காற்று பிடுங்கிய பலூன் மாதிரி, ஆனால் மிக மிக மெதுவாக. என்கே (Encke) என்ற வால்வெள்ளி ஒவ்வொரு சுற்றிலும் சுமார் இரண்டரை மணி நேரம் முன்னதாகவே வந்துகொண்டிருந்ததை 19-ஆம் நூற்றாண்டிலேயே கவனித்திருந்தார்கள். 1950-இல் வானியலாளர் ஃபிரெட் விப்பிள் வால்வெள்ளியை அழுக்குப் பனிக்கட்டி என்று விளக்கியபோதுதான் காரணம் புரிந்தது. ஈர்ப்பு விசையைத் துல்லியமாகக் கணக்கிடலாம். எந்தப் பக்கத்துப் பனி எப்போது வெடித்துக் கிளம்பும் என்று யார் கணக்கிடுவது?

அதனால் கடைசியில் விண்கலமே தன் கண்ணால் பார்த்துத்தான் போக வேண்டும். இதுதான் இந்தப் பயணங்களில் என்னை மிகவும் ஈர்க்கும் பகுதி. சந்திப்புக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே டீப் இம்பேக்ட் வால்வெள்ளியைப் படம் எடுத்துக்கொண்டே வந்தது. பின்னணி விண்மீன்களின் இடம் நமக்கு அத்துப்படி. அவற்றுக்கு நடுவே வால்வெள்ளி எங்கே தெரிகிறது என்று அளந்தால், விண்கலத்திலிருந்து அது எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். அதற்கேற்பச் சிறு உந்துகளால் பாதையைத் திருத்தலாம்.

ஆனால் திசை தெரிவது வேறு, தூரம் தெரிவது வேறு. இரவில் பிளாட்பாரத்தின் ஓரத்தில் நின்று நேர் எதிரே வரும் ரயிலின் விளக்கைப் பாருங்கள். எந்தத் தண்டவாளத்தில் வருகிறது என்று சொல்லிவிடலாம், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்வது கஷ்டம். பக்கத்தில் வந்த பிறகுதான் விளக்கு பக்கவாட்டில் நகர ஆரம்பிக்கும், அப்போது தூரம் பிடிபடும். வால்வெள்ளியும் அப்படித்தான், கடைசி நேரம் வரை எந்த நொடியில் கடக்கும் என்று சரியாகப் பிடிபடாது. அப்போது பூமியிலிருந்து உதவி செய்யவும் முடியாது. அன்று விண்கலம் இரண்டு கோடி கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்தில் இருந்தது. ரேடியோ செய்தி வரவே ஒரு நிமிடத்துக்கு மேல், பதில் போக இன்னும் அவ்வளவு நேரம். ஆகவே படத்தில் வெளிச்சத்தின் நடுப்புள்ளியைக் கண்டுபிடித்து, அதற்கேற்பத் திரும்பும் வேலையை விண்கலத்தின் கணினியே செய்தது. கேமரா தனியாகத் திரும்பாது, விண்கலம் முழுக்கத் திரும்ப வேண்டும். மிக அருகில் கடக்கும் வேளையில் நொடிக்கு ஒரு டிகிரி. கணக்கு சில கிலோமீட்டர் பிசகினால் படத்தில் வெறும் இருட்டுதான்.

தூசியையும் சொல்ல வேண்டும். 1986 மார்ச்சில் ஐரோப்பாவின் ஜியோட்டோ, ஹாலி வால்வெள்ளியை 596 கிலோமீட்டரில் கடந்தது, அதுவும் நொடிக்கு 68 கிலோமீட்டர் வேகத்தில். அந்த வேகத்தில் ஒரு கிராம் தூசி மோதினால் அரை கிலோ டிஎன்டி வெடிமருந்து வெடித்ததற்குச் சமம். அதற்காக முன்னால் ஒரு மெல்லிய அலுமினியத் தகடு, இடைவெளி விட்டுப் பின்னால் கெவ்லார் என்ற வலுவான இழைப் பொருளில் தடித்த தகடு. முதல் தகட்டில் மோதும் துகள் ஆவியாகிச் சிதறும், பின்னால் இருப்பது அந்தச் சிதறலைத் தாங்கும். இந்தக் கவசத்தை யோசித்தவரும் அதே விப்பிள்தான். அப்படியும் மிக அருகில் வருவதற்குச் சில நொடிகள் முன் ஒரு துகள் மோதி ஜியோட்டோ தள்ளாட, அரை மணி நேரம் தொடர்பு விட்டு விட்டுத்தான் கிடைத்தது. ஹார்ட்லி 2 அவ்வளவு கொடூரம் காட்டவில்லை. பனித்துளி எடைகூட இல்லாத துகள்கள் ஒன்பது முறை மோதியதாகத் தெரிந்தது.

7.30 ஆனது. திரையில் எதுவும் மாறவில்லை. கேமரா வால்வெள்ளியைப் பார்க்கும்போது பெரிய ஆண்டெனா பூமியைப் பார்க்க முடியாது. படங்களை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, கடந்து போன பிறகுதான் விண்கலம் நம் பக்கம் திரும்பும். அதுவரை அது உயிரோடு இருக்கிறது என்று மட்டும் சொல்லும் மெல்லிய சமிக்ஞை. ஒரு மணி நேரம் ஆயிற்று. முறுக்குத் தட்டு காலியானது.

அப்புறம் படம் வந்தது. ஓட்டோடு இருக்கும் வேர்க்கடலை. இரண்டு முனையும் கரடுமுரடு, இடுப்பு மட்டும் வழவழப்பு, ஒரு முனையிலிருந்து சூரியனை நோக்கிப் பீறிடும் கீற்றுகள். இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளம். மெரினாவில் அரை மணி நேரம் நடந்தால் தாண்டிவிடலாம். பாட்டி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வெகுநேரம் பார்த்தார்.

அடுத்த சில வாரங்களில் தெரியவந்தது இன்னும் அருமை. அந்தக் கீற்றுகளைக் கிளப்பியது நீராவி இல்லை, கார்பன் டைஆக்சைடு. கல்யாண மேடையில் வெள்ளைப் புகை வரவழைக்கிறார்களே, அந்த உலர்பனிதான். அது திரவமாகாமல் நேரே வாயுவாகும், அதுவும் தண்ணீர்ப் பனியைவிட மிகக் குறைந்த வெப்பத்திலேயே. அப்படிக் கிளம்பும்போது தண்ணீர்ப் பனியையும் கட்டி கட்டியாக அள்ளிக்கொண்டு வந்தது. கோல்ஃப் பந்திலிருந்து கூடைப்பந்து அளவு வரை பொசுபொசுவென்ற பனிக்கட்டிகள் வால்வெள்ளியைச் சுற்றி மிதந்தன. நீராவியோ வேறு இடத்திலிருந்து, அந்த வழவழப்பான இடுப்பிலிருந்து வந்தது. ஒரே வால்வெள்ளி, ஆனால் இடத்துக்கு இடம் மூச்சுவிடும் விதமே வேறு. அதன் பாதையைக் கணிப்பது ஏன் அத்தனை சிரமம் என்று அப்போது கண்கூடாகப் புரிந்தது.

டீப் இம்பேக்டின் தொடர்பு 2013 ஆகஸ்டில் அறுந்துபோனது. ஹார்ட்லி 2 மட்டும் 2023 அக்டோபரில் திரும்ப வந்தது. சென்னை வெளிச்சத்தில் வாய்ப்பே இல்லை என்று ஜவ்வாது மலைக்குப் போனோம், அதே ஐந்து பேரில் மூன்று பேர். விடியற்காலையில் பைனாகுலரில் சாம்பல் நிறத்தில் ஒரு மங்கல் திட்டு தெரிந்தது. அந்த வேர்க்கடலை அதற்குள்தான் இருந்தது. நண்பன் போனில் பழைய படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, திட்டையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.