வேரைச் சோதித்துவிடலாம், நோயறிதலை எப்படிச் சோதிப்பது?

சீன மருந்துச் சரக்கு வாங்கிப் பழகியவர்கள் வேரை உடைப்பார்கள், குறுக்கே வெட்டுவார்கள், மோந்து பார்ப்பார்கள், ஒரு துண்டை நாக்கிலும் வைப்பார்கள். வெறும் சடங்கு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. சாங்ஜு என்ற கிழங்கை வெட்டினால் செம்பழுப்புப் புள்ளிகள் நிறைய இருக்க வேண்டும் என்பது பழைய விதி. நுண்ணோக்கியில் பார்த்தால் அந்தப் புள்ளிகள் எண்ணெய் சேர்ந்திருக்கும் பைகள். அந்தக் கிழங்கின் மணத்துக்கும் மருந்துக் குணத்துக்கும் இந்த எண்ணெயைத்தான் சொல்கிறார்கள், ஆக புள்ளியைத் தேடியவர் எண்ணெயைத்தான் தேடியிருக்கிறார். ஃபாங்ஜி வேரில் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி கோடுகள் தெரிய வேண்டும் என்பார்கள். அது நீர் கடத்தும் திசு ஆரவாட்டில் அமைந்திருப்பதால் வருவது.

சரி, அந்த வேரை அரைத்துப் பொடியாக்கிவிட்டால்? சக்கரமும் இல்லை, கோடும் இல்லை. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் இளைக்கும் மாத்திரை எடுத்த பெண்களுக்கு வரிசையாகச் சிறுநீரகம் செயலிழந்தது, 1993-இல் மருத்துவ இதழில் வெளிவந்தது, பின்னாளில் பாதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. ஃபாங்ஜி என்ற பெயரிலேயே விற்கப்பட்டுவந்த இன்னொரு செடி, அரிஸ்டோலோகியா இனத்தைச் சேர்ந்தது, அந்த மாத்திரையில் போட்ட ஃபாங்ஜிப் பொடியில் வந்துவிட்டிருந்தது. அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுப்பதோடு டிஎன்ஏவில் ஒட்டிக்கொண்டு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும். (நம் ஊர் ஆடுதின்னாப்பாளையும் இதே இனம்தான், அதிலும் இந்த அமிலம் உண்டு. கைவைத்தியம் பார்ப்பவர்கள் கவனிக்க.)

பொடிக்கும் சாற்றுக்கும் ஆய்வகம்தான் வழி. சரக்கைக் கரைப்பானில் ஊறவைத்து, அந்தச் சாற்றை நுண்துகள் அடைத்த ஒரு குழாய்க்குள் அழுத்தத்தோடு செலுத்துவார்கள். துகளில் அதிகம் ஒட்டும் சேர்மம் தாமதமாக வெளியே வரும், ஒட்டாதது முந்திக்கொள்ளும், ஒவ்வொன்றும் வரைபடத்தில் ஒரு முகடாக விழும். முகட்டின் பரப்பு அளவைச் சொல்லும். ஜின்செங் வேரில் ஜின்செனோசைடு ஆர்பி1 என்ற சேர்மம் குறைந்தது 0.20 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்று மருந்துகளின் தரத்தை வகுக்கும் சீன அரசு நூல் கேட்பது இந்தக் கணக்கில்தான்.

ஆனால் ஒரு பொருளை மட்டும் அளந்தால் அந்த ஒன்றை மட்டும் வெளியிலிருந்து கலந்து தேறிவிடலாம். ஜின்கோ மரத்தின் இலைச் சாற்றில் ஃபிளேவனாய்டு என்ற சேர்ம வகையின் அளவைப் பார்ப்பார்கள், அதே வகையைச் சேர்ந்த விலை மலிவான ரூட்டினைச் சேர்த்து அந்த அளவை ஏற்றிக் காட்டுவது ஊரறிந்த வேலை. அதனால் இப்போது முகடுகளின் முழு வரிசையையும், அவற்றின் விகிதத்தையும் கைரேகை மாதிரி ஒப்பிடுகிறார்கள். கண்ணை நம்புவதிலும் இப்படி ஒரு ஓட்டை இருக்கிறது: வெளுப்பாக இருந்தால் நல்ல சரக்கு என்று வாங்குபவர் நினைப்பதாலேயே விற்பவர் கந்தகப் புகை போடுகிறார். வெள்ளைப் பியோனி வேரில் அந்தப் புகை முக்கியச் சேர்மமான பியோனிஃபுளோரினோடு வினைபுரிந்து அதை வேறொன்றாக மாற்றிவிடும். பார்க்க அழகு கூடும், உள்ளே சரக்கு குறையும்.

இதுவரை சொன்னதெல்லாம் அளக்கக்கூடியது. வைத்தியர் பக்கம் போனால்தான் சிக்கலே. ஒவ்வொரு மணிக்கட்டிலும் மூன்று இடத்தில் விரல் வைத்து நாடி பார்க்கிறார், நாக்கின் நிறத்தையும் படிவையும் பார்க்கிறார், கேள்வி கேட்கிறார், கடைசியில் 'ஈரச்சூடு', 'சிறுநீரகக் குறைபாடு' என்று ஒரு வகை சொல்கிறார் (இவை சீன வைத்தியத்தின் சொந்த வகைகள், நவீன மருத்துவம் சொல்லும் சிறுநீரக நோய் அல்ல). 2005-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் முடக்குவாத நோயாளிகள் 40 பேரை மூன்று சீன வைத்தியர்கள் தனித்தனியாகப் பார்த்தார்கள். இருவர் இருவராக ஒப்பிட்டால் வகை ஒத்துப்போனது சராசரியாக 32 விழுக்காடு இடங்களில்தான். எனக்கு இதைவிட ருசிகரமாகப் பட்டது அடுத்த விஷயம்: அவரவர் சொன்ன வகைக்கு அவரவர் எழுதிய மருந்து பத்துக்கு ஒன்பது தடவை பாடநூல்படி சரியாக இருந்தது. ஆக பாடம் தெரியாமல் இல்லை. தடுமாற்றம் அதற்கு முந்தைய படியில், எந்த அறிகுறிக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பதில்.

ஒத்துப்போகும் விழுக்காட்டை அப்படியே நம்பவும் கூடாது. இரண்டு வைத்தியர்கள், இருவருமே பத்துப் பேரில் ஏழு பேருக்கு 'ஈரச்சூடு' என்றும் மற்றவர்களுக்கு இன்னொரு வகையும் சொல்பவர்கள் என்று வைத்துக்கொள்வோம். நோயாளியைப் பார்க்காமல் சீட்டுக் குலுக்கினால்கூட 100-இல் 58 இடங்களில் (49-உம் 9-உம்) ஒத்துப்போவார்கள். நிஜத்தில் 65 வந்தது என்றால் குருட்டாம்போக்கைவிட ஏழுதான் கூடுதல், மிச்சமிருந்த 42-இல் ஏழு, அதாவது சுமார் 0.17. 1960-இல் ஜேக்கப் கோஹன் கொடுத்த 'காப்பா' அளவு இதுதான். ஒன்று என்றால் முழு ஒற்றுமை, பூஜ்யம் என்றால் சீட்டுக் குலுக்கல்.

எக்ஸ்ரே படிக்கும் மருத்துவர்களும் முரண்படுகிறார்கள்தான். ஆனால் அங்கே திசுவை வெட்டி எடுத்துச் சோதித்து யார் சொன்னது சரி என்று தீர்க்க முடிகிற இடங்கள் நிறைய. 'ஈரச்சூட்டு'க்கு அப்படி வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்லும் சோதனை கிடையாது. எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள், ஒரே வெளிச்சத்தில் நாக்குப் படம், முன்கூட்டியே பயிற்சி என்று கொடுத்து ஒற்றுமையை உயர்த்தலாம். ஆனால் எல்லோரும் சேர்ந்து ஒரே தவறைச் சொன்னாலும் காப்பா ஒன்றுதான் வரும். அதைப் பிரித்தறிய வேண்டுமென்றால், முதலில் சரக்கின் தரத்தை உறுதிசெய்துகொண்டு, ஒரே வகை சொல்லப்பட்ட நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு அந்த வகைக்கான மருந்தையும் மீதிப் பேருக்கு வேறு வகைக்கான மருந்தையும், கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் தெரியாமல் கொடுத்துப் பார்க்க வேண்டும்.