டீச்சர் வராத நாளில் வகுப்பை நடத்துவது எப்படி?

மழை பிடித்துவிட்டால் திருகோணமலைப் பாடசாலைகளில் பதில் பாடவேளைகள், அதாவது வராத ஆசிரியருக்காக இன்னொருவர் போய் நிற்கிற பாடவேளைகள், கூடிவிடும். நகரத்திலிருந்து மூதூர், வெருகல், ஈச்சிலம்பற்று என்று தினமும் பஸ்ஸில் போய்வருகிற ஆசிரியர்கள் நிறையப் பேர். மகாவலியின் கிளையான வெருகல் ஆறு பெருகினால் பாதை போய்விடும். காய்ச்சலும் அந்த மாதங்களில்தான் வரும். மழை இல்லாத காலத்திலும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. ஓர் ஆசிரியருக்கு வருடத்தில் 41 நாள் லீவு இருக்கிறது. பிரசவ லீவு என்றால் முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாட்கள். ஒரு தவணை அதற்குள் முடிந்துவிடும். செயலமர்வு, பரீட்சைக் கடமை, இடமாற்றம் எல்லாம் இதற்கு மேலே. அப்படியென்றால் இன்னொருவரின் வகுப்புக்குள் போய் நிற்பது எங்கள் எல்லோருக்கும் அடிக்கடி வருகிற வேலை. அதற்கு யாரும் யாரையும் தயார்ப்படுத்துவதில்லை என்பதுதான் என் கவலை.

ஆரம்பப் பிரிவு ஆசிரியர் ஆலோசகராக வகுப்புகளைப் பார்க்கப் போகும்போது நான் அதிகம் கேட்கிற முறைப்பாடு, “அந்த வகுப்புப் பிள்ளைகள் சரியான குழப்படி சேர், அடக்கவே ஏலாது” என்பது. இதைச் சொல்கிறவர்களில் புதிதாக வந்த பட்டதாரிகளும் இருக்கிறார்கள், அபிவிருத்தி உத்தியோகத்தர்களாக நியமனம் பெற்றுப் பாடசாலையில் இருப்பவர்களும் இருக்கிறார்கள், இருபது வருடம் படிப்பித்த மூத்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு அதே வகுப்புக்குள் போய்ப் பின்னால் இருந்து பார்த்தால் பல தடவை வேறொன்றுதான் தெரியும். பிள்ளைகள் தங்கள் டீச்சர் பழக்கிய ஒழுங்கில் போய்க்கொண்டிருக்கிறார்கள். அந்த ஒழுங்கு என்னவென்று பதிலுக்கு வந்தவருக்குத் தெரியாது. அவர் கண்ணுக்கு அது குழப்படியாகப் படுகிறது.

மூதூர்ப் பக்கத்தில் ஒரு தரம் 4 வகுப்பு. வகுப்பாசிரியை பிள்ளைகளை நான்கு வர்ணக் குழுக்களாகப் பிரித்து வைத்திருந்தார். ஒரு குழு வாசிப்பு மூலையில், ஒன்று எழுத்து வேலையில், ஒன்று கணித அட்டைகளோடு, மற்றது டீச்சரின் மேசையைச் சுற்றி. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை எல்லோரும் இடம் மாறுவார்கள். அன்று அவர் வரவில்லை. பதிலுக்கு வந்த இளம் டீச்சர் வரவு இடாப்பை மூடிவிட்டு நிமிரும்போது பிள்ளைகள் எழும்பி நான்கு பக்கமும் போகத் தொடங்கிவிட்டார்கள். “இருங்க! எல்லாரும் இருங்க!” என்று அவர் சத்தம் போட்டார். பாதிப் பேர் இருந்தார்கள், பாதிப் பேர் நின்றார்கள், பிறகு ஆளாளுக்குக் கதை தொடங்கிவிட்டது. முன்வரிசையில் ஒரு பெண்பிள்ளை மட்டும் மெதுவாகச் சொன்னாள்: “டீச்சர், இப்ப நாங்க மூலைக்குப் போற நேரம்.”

அந்த டீச்சர் அடுத்துச் செய்ததை நான் இப்போது போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் மேசையை விட்டு அந்தப் பிள்ளையின் பக்கத்தில் வந்து, “சரி மகள், எனக்குத் தெரியாதுதானே. எப்படிப் போறீங்க எண்டு ஒருக்காச் செய்து காட்டுங்க” என்றார். பிள்ளை இரண்டு தரம் கைதட்டி நிறுத்தினாள். வகுப்பு மூன்று தரம் தட்டியது, பிறகு அமைதி. “பச்சை வாசிப்பு, மஞ்சள் எழுத்து” என்று அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு குழுவாகப் போய் இருந்தது. அந்த வகுப்பின் சாவி அந்தக் கைதட்டில் இருந்திருக்கிறது. அதைப் பதிலுக்கு வருகிறவருக்குச் சொல்ல ஒரு துண்டுக் காகிதம்கூட மேசையில் இல்லை.

எங்கள் வகுப்பறைகள் முன்பு மாதிரி இல்லை. 1999 இல் ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் நாடெங்கும் தொடங்கியதிலிருந்து விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்று கலந்து நடத்தச் சொல்கிறோம். இடைநிலையில் 2007 தொடக்கம் ஐந்து படிகளில் பாடத்தைக் கொண்டுபோகிற முறை வந்தது: பிள்ளையை ஈடுபடுத்தி, கண்டறிய விட்டு, விளக்க வைத்து, விரிவாக்கி, மதிப்பிடுவது. எல்லோரும் கரும்பலகையைப் பார்த்து எழுதிய காலத்தில் யார் வந்து நின்றாலும் வகுப்பு ஒரே மாதிரித்தான் ஓடும். இப்போது ஒவ்வோர் ஆசிரியரும் தன் வகுப்புக்குத் தானே ஓர் ஓட்டத்தைக் கட்டி வைத்திருக்கிறார். அது நல்ல விடயம். ஆனால் அந்த ஓட்டம் முழுவதும் ஒருவரின் தலைக்குள்ளேயே இருந்தால், அவர் வராத அன்று வகுப்பும் நின்றுவிடும்.

வகுப்பறை நிர்வாகம் பற்றி அமெரிக்காவில் ஜேக்கப் கூனின் செய்த ஆய்வுகள் 1970 இல் வெளிவந்தன. குழப்படி நடந்த பிறகு ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதில் நல்ல வகுப்புக்கும் மோசமான வகுப்புக்கும் பெரிய வித்தியாசத்தை அவர் காணவில்லை. குழப்படி வருவதற்கு முன்னால் ஆசிரியர் வகுப்பைக் கவனிக்கிற விதமும், ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்குத் தடங்கல் இல்லாமல் கொண்டுபோகிற விதமும்தான் பிரித்துக் காட்டின. பதிலுக்கு வருகிறவர் தடுக்கி விழுகிற இடமும் இந்த மாறும் நேரம்தான். பாடம் நடக்கும்போது சமாளித்துவிடுவார். கொப்பி சேர்க்கும்போது, சத்துணவுக்குக் கைகழுவ விடும்போது, குழு மாறும்போது வகுப்பு கையை விட்டுப் போகும். அந்த நேரத்தில் சிலர் பிரம்பைத் தேடுகிறார்கள். பாடசாலையில் உடல்ரீதியான தண்டனை கூடாது என்று கல்வியமைச்சின் 12/2016 சுற்றறிக்கை தெளிவாகச் சொல்கிறது. சுற்றறிக்கை இல்லாவிட்டாலும், தன் டீச்சர் சொல்லித் தந்தபடி எழும்பின பிள்ளைக்கு அடி விழுவது எந்த நியாயத்தில் சேரும்?

அதனால் நான் எல்லா வகுப்பாசிரியர்களிடமும் கேட்பது ஒரே ஒரு பக்கம். பாடக்குறிப்புக் கொப்பியில் இது இருக்காது. அதில் என்ன படிப்பிக்க வேண்டும் என்பதுதான் இருக்கும். இந்தப் பக்கத்தில் வகுப்பு எப்படி ஓடுகிறது என்று எழுதுங்கள். அமைதிக்கு நீங்கள் பாவிக்கிற சைகை என்ன. குழுக்கள் எவை, எந்த நேரத்தில் எங்கே மாறும். வேலையைச் சீக்கிரம் முடித்த பிள்ளை அடுத்து என்ன செய்யும். தண்ணீர் குடிக்க, கழிப்பறைக்குப் போக எப்படிக் கேட்பார்கள். கொப்பி எங்கே வைப்பார்கள். உதவி கேட்கக்கூடிய இரண்டு பிள்ளைகளின் பெயர். ஒருவர் என்று எழுத வேண்டாம், அந்தப் பிள்ளையும் அன்று வராமல் போகலாம்.

அந்தப் பக்கத்தில் இன்னொரு பகுதி இருக்கிறது. அதை எழுதாமல் விடுவது ஆபத்து. மூச்சு இழுப்பு வருகிற பிள்ளை யார், வலிப்பு வருகிற பிள்ளை யார், வந்தால் உடனே என்ன செய்ய வேண்டும், காது சரியாகக் கேளாததால் முன்னுக்கு இருக்க வேண்டியது யார், விடும் நேரத்தில் குறிப்பிட்ட ஆளோடு மட்டும் அனுப்ப வேண்டிய பிள்ளை யார் என்பவை அதில் வரவேண்டும். தரம் 1, 2 பிள்ளைகள் பெரிய வகுப்புகளுக்கு முன்பே வீட்டுக்குப் போகிறவர்கள். கேற்றடியில் யாரிடம் ஒப்படைப்பது என்பது பதில் ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்தப் பகுதியைச் சுவரில் ஒட்டக் கூடாது. மடித்து வரவு இடாப்புக்குள் வைத்து, பகுதித் தலைவரிடமும் ஒரு பிரதி கொடுத்தால் போதும். வர்ணக் குழுக்களையும் நேர ஒழுங்கையும் மட்டும் டிமைத் தாளில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டலாம். பிள்ளைகளே அதைப் பார்த்து நடப்பார்கள்.

அப்புறம், பதிலுக்குப் போகிறவர்களுக்கு. உள்ளே போனதும் பாடத்தைத் தொடங்காதீர்கள். உங்கள் பெயரைச் சொல்லுங்கள், அவர்களின் டீச்சர் எப்போது வருவார் என்று தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அந்தப் பதில் கிடைக்கும்வரை வேறு எதுவும் மனதில் ஏறாது. பிறகு, “இந்த நேரத்தில நீங்க வழமையா என்ன செய்வீங்க?” என்று வகுப்பைப் பார்த்துக் கேளுங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் சொல்ல வருவார்கள். எழுதியிருக்கிற இரண்டு உதவியாளர்களிடம் மட்டும் கேட்டு, செய்தும் காட்டச் சொல்லுங்கள். சில பிள்ளைகள் இல்லாத வழக்கத்தை இருக்கிறது என்று சொல்லிப் பார்ப்பார்கள். கையில் அந்தப் பக்கம் இருந்தால் அது எடுபடாது.

சுழற்சி முழுவதையும் நடத்த முடியாது என்று தோன்றினால் நடத்த வேண்டாம். கையில் இருப்பது ஒரே ஒரு பாடவேளை. அதற்குள் நான்கு குழுவையும் நான்கு இடத்துக்கு மாற்றுவது அந்த வகுப்பின் டீச்சருக்கே பாடு. குழுக்களை அப்படியே இருக்க விட்டு, எல்லாக் குழுவுக்கும் ஒரே வேலையைக் கொடுங்கள். அல்லது ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். வழக்கத்தில் பாதியைக் காப்பாற்றினாலும் பிள்ளைகளுக்கு அது தெரிந்த வகுப்பாகவே இருக்கும். “உங்கட டீச்சர்ட முறை எனக்கு வேண்டாம், இண்டைக்கு நான் சொல்றதுதான்” என்று தொடங்குகிறவர்களையும் பார்க்கிறேன். அது அன்றைய பாடத்தையும் கெடுக்கும், அடுத்த நாள் திரும்பி வருகிற டீச்சரின் வேலையையும் கெடுக்கும்.

இடைநிலை வகுப்புகளில் விடயம் சுருக்கம். தரம் 9 கணிதப் பாடவேளைக்குச் சங்கீத டீச்சரை அனுப்பினால் அவர் கணிதம் படிப்பிக்கத் தேவையில்லை. பாட ஆசிரியர் முன்கூட்டியே தயாரித்த பயிற்சித் தாள்களை ஒரு கோவையில் போட்டு அலுவலகத்தில் வைத்தால் போதும்.

நீண்ட லீவுக்குப் பதிலாக வருகிறவரின் நிலை வேறு. 84 நாள் இன்னொருவரின் முறையிலேயே நடத்து என்று அவரிடம் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. முதல் இரண்டு கிழமை இருக்கிறதை அப்படியே கொண்டுபோகட்டும். பிறகு மாற்ற விரும்புவதை ஒவ்வொன்றாக, பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு மாற்றட்டும். லீவில் போகிறவர் போவதற்கு முன் ஒரு நாளாவது இருவரும் வகுப்பில் ஒன்றாக நிற்க அதிபர் ஒழுங்கு செய்தால் பாதிச் சிக்கல் வராது. வேலை நிரந்தரமில்லாத தொண்டர் ஆசிரியரிடம் வகுப்பை ஒப்படைக்கும்போது இந்த ஒரு நாள் இன்னும் அவசியம். பெற்றோர் கேள்வி கேட்டால் பதில் சொல்ல அவர் கையில் வேறு எந்தப் பலமும் இல்லை.

அதிபர்களிடமும் ஒன்று. பதில் பாடவேளைக் கொப்பி காலைக் கூட்டம் முடிந்த கையோடு ஆசிரியர்களிடம் போக வேண்டும். மணி அடித்த பிறகு ஆள் தேடினால், போகிறவர் அந்தப் பக்கத்தை வாசிக்க நேரம் இருக்காது. ஓய்வுப் பாடவேளை இருக்கிறது என்பதற்காக ஒரே இளம் ஆசிரியரைத் தினமும் ஓட விடாதீர்கள். முடிந்தவரை ஒரு வகுப்புக்கு ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப அனுப்புங்கள். இரண்டாவது தடவை போகும்போது அவருக்கு அந்தக் கைதட்டு தெரிந்திருக்கும்.

பாடவேளை முடிந்து வருகிறவர் இரண்டு வரி எழுதிவைக்க வேண்டும்: எதுவரை முடிந்தது, எந்த இடத்தில் வகுப்பு தடுமாறியது. குழப்படி செய்தவர்களின் பெயர்ப் பட்டியலை நான் கேட்பதில்லை. திரும்பி வருகிற டீச்சர் அதை வைத்துத் தண்டனை கொடுக்கத் தொடங்கினால், அடுத்த தடவை பதிலுக்குப் போகிறவரைப் பிள்ளைகள் உளவாளி மாதிரிப் பார்ப்பார்கள். தடுமாறிய இடத்தை எழுதினால் வகுப்பாசிரியர் தன் பக்கத்தில் அதைத் திருத்தலாம்.

பக்கத்தை எழுதியாயிற்று என்றால் மழைக்கு முன் ஒரு தடவை சோதித்துப் பாருங்கள். இரண்டாந் தவணையில் ஒரு பாடவேளை போதும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் அந்தத் தாளைக் கொடுத்து வகுப்பை நடத்தச் சொல்லிவிட்டு, வகுப்பாசிரியர் கடைசி வரிசையில் வாய் திறக்காமல் இருக்க வேண்டும். பிள்ளைகள் திரும்பித் திரும்பி அவரைப் பார்க்கிற இடமெல்லாம் அந்தப் பக்கத்தில் எழுத மறந்த இடம். அங்கே ஒரு வரி சேர்த்துவிட்டு, தாளை வரவு இடாப்புக்குள் வையுங்கள்.