சூரியன் திரும்புவது மார்கழியிலேயே

தை முதல் நாள் உத்தராயணம் பிறக்கிறது என்கிறது பஞ்சாங்கம். ஆனால் பொங்கலன்று சூரியன் வடக்கே திரும்பி மூன்று வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும். டிசம்பர் 21 அல்லது 22, அதாவது மார்கழி 6 வாக்கிலேயே அது திரும்பிவிடுகிறது.

முதலில், ஏன் திரும்புகிறது? பூமியின் அச்சு சுமார் 23.4 பாகை சாய்ந்திருக்கிறது. சூரியனைச் சுற்றும் ஓராண்டு முழுக்க அந்தச் சாய்வு ஒரே பக்கம்தான். அதனால் ஜூனில் வட பாதி சூரியனை நோக்கியும், டிசம்பரில் சூரியனை விட்டு விலகியும் சாய்ந்திருக்கும். கோடைக்கும் குளிருக்கும் தூரம் காரணமில்லை. நாம் சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில், இருப்பது ஜனவரி முதல் வாரத்தில். மிகத் தொலைவில், 15.2 கோடியில், இருப்பது ஜூலையில்.

சென்னையில் ஒரு மொட்டை மாடியில் ஒரு மீட்டர் கம்பைச் செங்குத்தாக நட்டு, ஆண்டு முழுக்க உச்சி வேளை நிழலைப் பார்த்தால் எல்லாம் விளங்கிவிடும். மார்ச் 20 வாக்கில் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே. நிழல் வடக்கே சுமார் 23 சென்டிமீட்டர். ஏப்ரல் 24 வாக்கில் நிழலே இருக்காது. அப்புறம் நடப்பதைத்தான் பலரும் கவனிப்பதில்லை: நிழல் தெற்குப் பக்கம் விழும்! ஜூன் 21 அன்று சூரியன் கடக ரேகைக்கு மேல், நம் உச்சிக்கும் வடக்கே பத்து பாகை தள்ளி நிற்கிறது. டெல்லிக்காரர்களுக்கு இந்தக் காட்சி கிடைக்காது. அவர்கள் கடக ரேகைக்கு வடக்கே இருக்கிறார்கள். ஆகஸ்ட் 18 வாக்கில் இன்னொரு முறை நிழல் மறையும். செப்டம்பர் 22, 23-இல் மறுபடி மார்ச் அளவு. டிசம்பரில் நிழல் 74 சென்டிமீட்டர் வரை நீளும், சில நாள் அசையாததுபோல் இருக்கும், பிறகு குறையும். அந்தத் திருப்பம்தான் உண்மையான உத்தராயணம்.

மார்ச்சிலும் செப்டம்பரிலும் பகலும் இரவும் சமம் என்பார்கள். ஏறக்குறையத்தான். காற்று மண்டலம் ஒளியை வளைப்பதாலும், சூரியனின் மேல் விளிம்பு தெரிந்தாலே உதயம் என்று கணக்கிடுவதாலும் அன்று பகல் சில நிமிடம் கூடுதல்.

சரி, தைக்கு வருவோம். வேகம் குறையும் பம்பரம் தலையாட்டுமே, அதுபோலப் பூமியின் அச்சும் ஆடுகிறது. ஒரு சுற்றுக்குச் சுமார் 26,000 ஆண்டு. ஓராண்டில் தெரியாது. ஆனால் 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம், சூரியன் திரும்பும் இடம் நட்சத்திரங்களுக்கு நடுவே மேற்கே நகர்ந்துகொண்டே போகிறது. தமிழ் மாதங்களோ நட்சத்திரங்களை வைத்தே பிறக்கின்றன: சூரியன் மகர ராசியில் நுழைந்தால் தை. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் மகரப் பிறப்பும் சூரியன் திரும்புவதும் ஒரே நாளில் நடந்தன. இன்று இடைவெளி 24 பாகை. சித்திரை முதல் நாளும் மார்ச் 20-ஐ விட்டு ஏப்ரல் 14-க்கு வந்தது இப்படித்தான்.

வானியற்பியலாளர் மேகநாத் சாகா தலைமையிலான குழு இதைச் சரிசெய்யப் பார்த்தது. அதன் பரிந்துரையில் 1957-இல் வந்த தேசிய நாள்காட்டியில் ஆண்டு மார்ச் 22-இல், லீப் ஆண்டானால் 21-இல், பிறக்கிறது. அரசிதழில் அந்தத் தேதியைப் பார்க்கலாம். பண்டிகைகள் அதைக் கண்டுகொள்ளவில்லை. நகர்வும் நிற்கவில்லை. விவேகானந்தர் பிறந்தது ஒரு மகர சங்கராந்தி நாளில். அன்று தேதி 1863 ஜனவரி 12.